இன்ஜின் டியூனிங்குக்கு எந்த லேப்டாப்? புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டியூனிங் கற்றுக்கொள்ள ஆரம்பிக்கும் பையன்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எந்த லேப்டாப் வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு நண்பர்கள் சொல்லும் பதில் ஐ7, 32 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு என்று கேம் விளையாட வாங்கும் பட்டியலாகவே இருக்கும். டியூனிங் வேலைக்கு அந்த வேகம் எதற்கும் பயன்படாது. இசியு என்கிற இன்ஜின் கன்ட்ரோல் யூனிட்டுக்குள் இருக்கும் ஃபைல் மிகச் சிறியது. டீசல் கார்கள் பலவற்றில் இருக்கும் பாஷ் இடிசி17 வகை இசியுவை முழுதாகப் படித்து எடுத்தாலும் பெரும்பாலும் 2 முதல் 4 எம்பிக்குள் முடிந்துவிடும். பத்து வருஷப் பழைய பிராசசரே அதைத் திறந்து, திருத்தி, மூடிவிடும்.

அப்படியானால் லேப்டாப்பில் எதைப் பார்க்க வேண்டும்? இசியுவில் ஃபைல் எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் எதுவும் அறுந்துபோகக் கூடாது. லேப்டாப் ஸ்லீப்புக்குப் போகக் கூடாது, அப்டேட் என்று சொல்லி ரீஸ்டார்ட் ஆகக் கூடாது, யூஎஸ்பி ஆடி விடக் கூடாது, பேட்டரி இறங்கக் கூடாது. பாதியில் நின்றுபோன எழுத்தை மறுபடி முதலிலிருந்து எழுதவிடும் இசியுக்கள் இருக்கின்றன. எழுதவிடாதவையும் இருக்கின்றன. இரண்டாவது வகை மாட்டினால் யூனிட்டைக் கழற்றி, மேஜையில் வைத்து, சில சமயம் மூடியையே திறந்து பூட் மோடில் எழுப்ப வேண்டியிருக்கும். அதுவரை கார் ஸ்டார்ட் ஆகாது. எனவே இந்தக் கட்டுரையில் வரும் ஒவ்வொரு படியிலும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது நடுவழியில் கைவிடுமா?

முதலில் காரும் சாஃப்ட்வேரும்

லேப்டாப் கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளை எடுத்து நான்கு விஷயங்களை எழுதுங்கள். எந்தக் கார், அதில் எந்த இசியு, அதைத் தொட எந்த சாஃப்ட்வேர், சாஃப்ட்வேருக்கும் காருக்கும் நடுவில் எந்த இன்டர்ஃபேஸ் கேபிள். லேப்டாப் ஐந்தாவதாகத்தான் வரும். வரிசையை மாற்றி, முதலில் லேப்டாப்பை வாங்கிவிட்டு அப்புறம் சாஃப்ட்வேர் தேடுபவர்கள்தான் இரண்டு தடவை செலவு செய்கிறார்கள்.

வேலை மூன்று வகை. எது உங்களுடையது என்று தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

முதல் வகை, படிப்பது மட்டும். ஓபிடி போர்ட்டில் ஒரு அடாப்டரைச் சொருகி ஃபால்ட் கோடு பார்ப்பது, சென்சார் அளவுகளை லாக் எடுப்பது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் அந்த 16 பின் சாக்கெட்தான் ஓபிடி போர்ட். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வைத்திருப்பவர்களுக்கு விசிடிஎஸ் தெரிந்திருக்கும். மற்றவர்கள் இஎல்எம்327 ப்ளூடூத் அடாப்டரில் ஆரம்பிப்பார்கள். இதற்கு எந்த லேப்டாப்பும் போதும். நடுவில் அறுந்தால் லாக் மட்டும்தான் போகும், இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ப்ளூடூத் அடாப்டர் படிப்பதற்கு மட்டுமே. அதை வைத்து இசியுவில் எழுதிப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

இரண்டாவது வகை, ரீமேப். கம்பெனி இசியுவில் இருக்கும் ஃபைலைப் படித்து, வின்ஓஎல்எஸ் போன்ற சாஃப்ட்வேரில் மேப்களை (எவ்வளவு எரிபொருள், எப்போது என்று இன்ஜினுக்குச் சொல்லும் எண் கட்டங்களை) திருத்தி, திரும்ப எழுதுவது. எச்பி டியூனர்ஸ் மாதிரி எடிட்டரும் கேபிளும் ஒரே இடத்திலிருந்து வாங்குவதும் இதில் அடங்கும். லேப்டாப்பின் நம்பகத்தன்மைக்கு மிகப் பெரிய சோதனை இங்கேதான்.

மூன்றாவது வகை, தனி இசியு. கம்பெனி யூனிட்டை ஓரங்கட்டிவிட்டு லிங்க், ஹால்டெக், மோடெக், மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ என ஏதாவது ஒன்றைப் போட்டு, இன்ஜின் ஓடும்போதே மேப்பைத் திருத்துவது. பந்தயக் கார்களும் பழைய கார் புராஜெக்ட்டுகளும் இந்தப் பக்கம். இங்கே லேப்டாப் மணிக்கணக்கில் காருக்குள் இருக்கும். அதனால் திரை, பேட்டரி, கீபோர்டு மூன்றும் முக்கியமாகிவிடும்.

ஆரம்பிக்கும் முன் இன்னொன்று. நம் நாட்டில் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். வாரண்டி போவது தனிக் கதை. டிபிஎஃப், இஜிஆர் போன்ற புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களை மென்பொருளில் அணைத்துத் தரச் சொல்பவர்களுக்கு முடியாது என்று சொல்லப் பழகுங்கள்.

விண்டோஸ், அதிலும் இன்டெல் அல்லது ஏஎம்டி

டியூனிங் சாஃப்ட்வேர் உலகம் விண்டோஸில்தான் இருக்கிறது. டியூனர்ஸ்டுடியோ மட்டும் நல்ல விதிவிலக்கு. அது ஜாவாவில் எழுதப்பட்டது. மேக்கிலும் லினக்ஸிலும் ஓடும். மெகாஸ்குவர்ட்டோ ஸ்பீடுயினோவோ மட்டும்தான் வாழ்க்கை என்றால் கையில் இருக்கும் மேக்புக்கே போதும். மற்ற எல்லோருக்கும் விண்டோஸ்.

இங்கே புதியவர்கள் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. ஸ்நாப்டிராகன் சிப்போடு வரும் விண்டோஸ் லேப்டாப்புகள் கடைகளில் அழகாக, மெலிதாக, நாள் முழுக்கப் பேட்டரி நிற்கும் என்ற விளம்பரத்தோடு இருக்கின்றன. சாதாரண விண்டோஸ் சாஃப்ட்வேர் அவற்றில் எமுலேஷன் மூலம் ஓடிவிடும். ஆனால் கேபிளுக்கான டிரைவர் விண்டோஸின் அடித்தளத்தில் ஓட வேண்டியது. அதற்கு எமுலேஷன் கிடையாது. அந்தச் சிப்புக்கென்றே டிரைவர் எழுதப்பட்டிருந்தால்தான் கேபிள் வேலை செய்யும். டியூனிங் கேபிள்கள் பலவற்றுக்கு அப்படி ஒன்று இல்லை. எம் வகைச் சிப் உள்ள மேக்கில் பேரலல்ஸ் போட்டு விண்டோஸ் ஓட்டினாலும் இதே கதைதான். பழைய இன்டெல் மேக்கில் விண்டோஸை நேராகப் போட உதவிய பூட்கேம்ப் வசதியும் இவற்றில் இல்லை.

அடுத்தது எந்த விண்டோஸ். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட டிபிஎம் 2.0 சிப்பும், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறை பிராசசரும் வேண்டும். பழைய லேப்டாப் வாங்குபவர்களுக்கு இதுதான் கோடு. ஐ5 என்று மட்டும் ஸ்டிக்கரில் பார்த்து வாங்காதீர்கள். ஐ5க்கு அடுத்து வரும் எண் 8இல் ஆரம்பிக்கிறதா, 8250, 8350 என்ற மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். 6200, 7200 என்றிருந்தால் அது ஆறாம், ஏழாம் தலைமுறை.

விலை குறைந்த புது லேப்டாப் சிலவற்றில் விண்டோஸ் எஸ் மோடில் வரும். ஸ்டோரில் இருக்கும் சாஃப்ட்வேரைத் தவிர வேறெதையும் அது ஏற்காது. பணம் கட்டாமலே அதிலிருந்து வெளியே வரலாம், ஒருமுறை வந்தால் திரும்பிப் போக முடியாது. அதனால் பயந்து நல்ல லேப்டாப்பை விட்டுவிட வேண்டாம்.

விண்டோஸ் 11இல் இன்னொரு தொல்லை, கோர் ஐசொலேஷன் என்ற தலைப்புக்குள் இருக்கும் மெமரி இன்டெக்ரிட்டி. அது ஆனில் இருந்தால் சில பழைய டிரைவர்கள் ஏறவே ஏறாது. கேபிள் சரியாக இருக்கிறது, சாஃப்ட்வேர் சரியாக இருக்கிறது, ஆனால் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது என்றால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள். அதை அணைப்பது பாதுகாப்பைக் குறைப்பதுதான். அதனால்தான் டியூனிங் லேப்டாப்பில் வங்கிக் கணக்கு, சொந்த மெயில் எல்லாம் வைக்காமல் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

கிராக் செய்த சாஃப்ட்வேரும் டூப்ளிகேட் கருவியும் சேர்த்து மலிவாகக் கிடைக்கும். "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும், இன்டர்நெட்டில் இணைக்கக் கூடாது" என்ற குறிப்போடு வரும். அந்தக் குறிப்பே போதும் அது எப்படிப்பட்ட பொருள் என்று சொல்ல. அடுத்தவர் காரில் அதைச் சொருகாதீர்கள்.

போர்ட்டும் கேபிளும்

முழு அளவு யூஎஸ்பி ஏ போர்ட் குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்றில் இன்டர்ஃபேஸ் கேபிள், இன்னொன்றில் சாஃப்ட்வேரின் லைசென்ஸ் சாவியான டாங்கிளோ, காற்று எரிபொருள் கலவையை அளக்கும் வைட்பேண்ட் லாம்டா மீட்டரோ இருக்கும். வெறும் சி போர்ட் மட்டும் உள்ள மெலிந்த லேப்டாப் வாங்கி, அதில் ஒரு ஹப் தொங்கவிட்டு, அந்த ஹப்பில் கேபிள் சொருகி ஃபைல் எழுதுவது நடுவழியில் மாட்டிக்கொள்ள நிச்சயமான வழி. எழுதும் கேபிள் லேப்டாப்பின் உடம்பிலேயே நேராகச் சொருகியிருக்க வேண்டும்.

மோடெக் எம்1 வரிசை இசியுவோடு பேச ஈதர்நெட் வேண்டும். பந்தயப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் ஆர்ஜே45 சாக்கெட் உள்ள லேப்டாப்பாகப் பாருங்கள். பழைய மெகாஸ்குவர்ட் யூனிட்டுகள் 9 பின் சீரியல் போர்ட்டில் பேசுபவை. இன்றைக்கு அந்தப் போர்ட் ரக்டு வகை (அடி தாங்கும்) லேப்டாப்பில் மட்டும்தான் மிச்சமிருக்கிறது. மற்றவர்கள் யூஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தக் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் சிப் எது என்று கேட்டு வாங்குங்கள். எஃப்டிடிஐ சிப் நல்லது. ஆனால் போலி எஃப்டிடிஐ சந்தையில் ஏராளம். 2014இல் அந்த நிறுவனமே விண்டோஸ் அப்டேட் வழியாக ஒரு டிரைவர் விட்டது. போலிச் சிப்பைக் கண்டால் அதன் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கிவிடும். ராத்திரி அப்டேட் ஆகி, காலையில் கேபிளை லேப்டாப் அடையாளம் காணாமல் போன கதைகள் உலகம் முழுக்க வந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திரும்பப் பெற்றார்கள். புரோலிஃபிக் பிஎல்2303 சிப்பின் பழைய வகைகளும் அப்படித்தான். புது விண்டோஸில் அந்த நிறுவனத்தின் டிரைவர் அவற்றை ஏற்பதில்லை. ஸ்பீடுயினோ செய்ய வாங்கும் மலிவான ஆர்டுயினோ மெகா போர்டுகளில் சிஎச்340 சிப் இருக்கும். அது ஒழுங்காகவே வேலை செய்யும், டிரைவர் மட்டும் தனியாகப் போட வேண்டியிருக்கலாம்.

மின்சாரம்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். லேப்டாப்பை விட இது முக்கியம்.

ஃபைல் எழுதும்போது இக்னிஷன் ஆனில் இருக்கும், இன்ஜின் ஓடாது. ஆல்டர்னேட்டர் சார்ஜ் தராத அந்த நேரத்தில் கார் பேட்டரிதான் எல்லாவற்றையும் சுமக்கிறது. சில கார்களில் எழுதும்போது ரேடியேட்டர் ஃபேன் தானாக முழு வேகத்தில் ஓட ஆரம்பித்துவிடும். வேலை சில நிமிடத்திலும் முடியலாம், அரை மணி நேரமும் இழுக்கலாம். வோல்டேஜ் இறங்கினால் எழுத்து நின்றுவிடும், நீங்கள் எந்த லேப்டாப் வைத்திருந்தாலும் சரி. எனவே லேப்டாப்புக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை எடுத்து, சீரான 13 வோல்ட்டுக்குச் சற்று மேல் தரும் பவர் சப்ளை வாங்குங்கள். ராத்திரி முழுக்கப் போட்டுவைக்கும் சாதாரண சார்ஜர் இதற்கு ஆகாது. அதன் வோல்டேஜ் ஏறி இறங்கும்.

இனி லேப்டாப்பின் பேட்டரி. கணக்கு எளிது: உங்கள் நீளமான வேலை எவ்வளவு நேரமோ அதைப் போல இரண்டு மடங்கு நிற்க வேண்டும். டைனோவில் (காரை நின்ற இடத்திலேயே ரோலர் மேல் ஓட்டி சக்தியை அளக்கும் கருவி) கார் ஓடும்போது லேப்டாப்பைச் சுவர் சார்ஜரில் போட்டபடி இசியுவோடு இணைப்பதைத் தவிர்ப்பது நல்லது. சுவர் மின்சாரத்தின் எர்த் ஒரு பக்கம், காரின் பாடி எர்த் மறு பக்கம். இரண்டும் யூஎஸ்பி கேபிள் வழியாகச் சந்தித்தால் இரைச்சல் நுழைந்து இணைப்பு அடிக்கடி அறும். இக்னிஷன் காயில் பக்கத்தில் கேபிள் போனாலும் இதே தொல்லை. யூஎஸ்பி ஐசொலேட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி இதற்காகவே கிடைக்கிறது.

காருக்குள் சார்ஜ் ஏற்ற, லேப்டாப் சி போர்ட்டில் சார்ஜ் ஆகுமா என்று பாருங்கள். ஆகும் என்றால் 65 வாட் கார் சார்ஜர் ஒன்று போதும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மலிவான இன்வெர்ட்டர் சொருகி, அதில் லேப்டாப் சார்ஜரைச் சொருகும் பழைய முறை மின் இரைச்சலைக் கூடவே கொண்டுவரும்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பது பொதுவான அளவு. அதைத் தாண்டினால் பல லேப்டாப்புகள் சார்ஜ் ஏற மறுக்கும். ஜன்னல் மூடி நிறுத்திய காருக்குள் மே மாதத்தில் அந்தச் சூடு சர்வசாதாரணம். இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிப்பாளையத்திலோ ட்ராக் டே போகிறீர்கள் என்றால் லேப்டாப்பைக் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

திரையும் கீபோர்டும்

திரையின் பிரகாசத்தை நிட் கணக்கில் சொல்வார்கள். சாதாரண ஆபீஸ் லேப்டாப் 250 நிட். அதை வெட்டவெளியில் வைத்தால் மேப் தெரியாது, உங்கள் முகம்தான் தெரியும். 400க்கு மேல் இருந்தால் காருக்குள் உட்கார்ந்து சமாளிக்கலாம். நேர் வெயிலில் வேலை என்றால் 1,000 நிட் வரை போகும் ரக்டு லேப்டாப்புதான். எதுவானாலும் பளபளப்பில்லாத மேட் திரையாக இருக்கட்டும்.

ரெசொல்யூஷன் 1920க்கு 1080. பழைய லேப்டாப் மலிவாகக் கிடைக்கும்போது திரை 1366க்கு 768ஆக இருக்கும். டியூனிங் சாஃப்ட்வேரில் மேப், கிராஃப், லைவ் அளவுகள் என மூன்று ஜன்னல்களை ஒன்றாகத் திறந்து வைக்க அது பத்தாது. சில இடங்களில் ஓகே பட்டனே திரைக்குக் கீழே போய்விடும். எதிர்ப்பக்கம், 4கே திரையும் வேண்டாம். பழைய சாஃப்ட்வேர்களின் எழுத்து அதில் எறும்பு அளவுக்குச் சுருங்கிவிடும்.

ஓடும் காரில் டச்பேடில் விரல் வைத்து ஒரு கட்டத்தைக் குறிவைக்க முடியாது. அனுபவமுள்ளவர்கள் எல்லாவற்றையும் கீபோர்டிலேயே செய்வார்கள்: அம்புக்குறியால் கட்டத்துக்குப் போய், எண்ணைத் தட்டி, அடுத்த கட்டம். லிங்க் இசியுவின் பிசிலிங்க் சாஃப்ட்வேரில் எஃப்4 அழுத்தினால்தான் மாற்றியது இசியுவில் நிரந்தரமாகச் சேரும். உங்கள் லேப்டாப்பில் எஃப்4 அழுத்தினால் மைக் மியூட் ஆகிறது என்றால், எஃப்என் லாக் எப்படிப் போடுவது என்று வாங்கும் அன்றே தெரிந்துகொள்ளுங்கள். பேஜ் அப், பேஜ் டவுன் விசைகள் தனியாக இருப்பதும் கைக்கு வசதி. நம்பர் பேடு நல்லதுதான், ஆனால் அது 15 அங்குலத்தில்தான் வரும். ஸ்விஃப்ட் மாதிரிக் காரின் முன்சீட்டில் மடியில் வைக்க 14 அங்குலமே போதும் என்பது என் கருத்து.

உள்ளே என்ன இருக்க வேண்டும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. கிடைத்தால் 16 ஜிபி. கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை; சூடும் எடையும்தான் மிச்சம். எஸ்எஸ்டி மட்டும் கட்டாயம். சுழலும் ஹார்ட் டிஸ்க் குலுங்கும் காரில் ஓட வேண்டிய பொருளில்லை.

லாக் எடுத்தால் இடம் பத்துமா என்று கேட்பார்கள். 50 சென்சார்களை நொடிக்கு 50 தடவை, ஒவ்வொன்றுக்கும் 4 பைட் என்று பதிவு செய்தால் நொடிக்கு 10,000 பைட். ஒரு மணி நேரத்துக்கு 36 எம்பி. நாள் முழுக்க ஓடினாலும் ஒரு சினிமாவின் அளவு வராது.

புதிதா, பழையதா?

பழையது. ஆபீஸ்களிலிருந்து மொத்தமாகக் கழிந்து வரும் திங்க்பேட், லாட்டிட்யூட் வகைகள் இந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கும். என் தேர்வு லெனோவோ திங்க்பேட் டி480. 2018இல் வந்தது, எட்டாம் தலைமுறை, இரண்டு யூஎஸ்பி ஏ, ஆர்ஜே45, சி போர்ட்டில் சார்ஜ். உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றி மாற்றக்கூடிய இன்னொன்று. லேப்டாப்பை அணைக்காமலே வெளிப் பேட்டரியை மாற்றலாம். திரை மட்டும் சுமார்தான், எஃப்எச்டி (1920க்கு 1080) உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். டெல் லாட்டிட்யூட் 5490உம் ஏறக்குறைய அதே தரம். வெளிவேலை, பந்தயம் என்றே இருப்பவர்கள் பேனசோனிக் டஃப்புக், கெடாக், டெல்லின் லாட்டிட்யூட் ரக்டு பக்கம் போகலாம். கனம் அதிகம், ஆனால் கீழே விழுந்தால் தரையைத்தான் பார்க்க வேண்டும். டஃப்புக் சிஎஃப்-19 மலிவாகக் கிடைக்கிறது என்று மயங்க வேண்டாம். அது விண்டோஸ் 11க்கு முந்தைய தலைமுறை. பழைய கார்களுக்கு இரண்டாவது லேப்டாப்பாக, இன்டர்நெட் இல்லாமல் வைத்துக்கொள்ள மட்டும் சரி.

சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒரு பென் டிரைவும், உங்கள் இன்டர்ஃபேஸ் கேபிளும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் சார்ஜரோடுதான் ஆன் செய்து காட்டுவார். "அண்ணா, சார்ஜரைக் கழற்றிடலாமா?" என்று கேட்டு, பேட்டரியில் ஓடவிடுங்கள். பேரம் பேசும் பத்து நிமிடத்தில் சதவீதம் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பதினைந்து, இருபது இறங்கினால் பேட்டரி மாற்ற வேண்டும், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் கட்டளை இருக்கிறது. புதிதாக இருந்தபோது எவ்வளவு, இப்போது எவ்வளவு ஏறுகிறது என்று இரண்டு எண்ணும் அதில் வரும்.

அடுத்து ஒவ்வொரு யூஎஸ்பி போர்ட்டிலும் பென் டிரைவைச் சொருகி, ஒரு பெரிய ஃபைலை நகலெடுக்கவிட்டு, சொருகிய இடத்தை விரலால் லேசாக மேலும் கீழும் ஆட்டுங்கள். நகல் நின்றாலோ, துண்டிக்கப்பட்ட சத்தம் கேட்டாலோ அந்த லேப்டாப்பை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். பாடியில் கீறல் இருக்கட்டும், மூலை உடைந்திருக்கட்டும், கவலையில்லை. ஆடும் போர்ட் மட்டும் கூடாது.

பிறகு பயாஸுக்குள் நுழைந்து பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் விட்டுவிடுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் பழைய கம்பெனியின் பூட்டு அப்படியே இருப்பதும் உண்டு. விண்டோஸைப் புதிதாகப் போட்டு வைஃபையில் இணைத்ததும் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் வந்து நிற்கும். அதைக் கடையிலேயே சோதித்துக்கொள்ள வேண்டும். டி480 என்றால் சி போர்ட்டில் சார்ஜ் ஏறுகிறதா என்றும் பாருங்கள். அந்தப் போர்ட்டை இயக்கும் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில் ஒரு கோளாறு இருந்தது. லெனோவோ விட்ட அப்டேட்டைப் போடாமலே ஓட்டிய யூனிட்டுகளில் அந்தப் போர்ட் பழுதாகியிருக்கலாம்.

வாங்கி வந்த பிறகு

வீட்டுக்கு வந்ததும் விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். பழைய ஆளின் குப்பை எதுவும் வேண்டாம். அப்புறம் வரிசையாக:

1. பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை, சார்ஜரிலும் பேட்டரியிலும், "ஒருபோதும் வேண்டாம்" என்று வையுங்கள். மூடியை மூடினாலும் ஒன்றும் செய்யாதே என்று மாற்றுங்கள். எழுதும்போது தெரியாமல் மூடியைத் தட்டுபவர்கள் உண்டு.

2. யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யூஎஸ்பி ரூட் ஹப்பையும் திறந்து, மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

3. விண்டோஸ் அப்டேட்டை ஐந்து வாரம் வரை நிறுத்தி வைக்கலாம். வேலை இல்லாத நாளில் நீங்களாகவே அப்டேட் போட்டு, கேபிள் வேலை செய்கிறதா என்று சோதித்து, மறுபடி நிறுத்துங்கள்.

4. கேபிளைச் சொருகும் முன் டிரைவர். சொருகிய பின் எந்த காம் போர்ட் எண் கிடைத்தது என்று பாருங்கள். பழைய சாஃப்ட்வேர் சில ஒன்பதுக்கு மேலான எண்ணைப் பார்க்காது. டிவைஸ் மேனேஜரில் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். எஃப்டிடிஐ கேபிளானால் அதே இடத்தில் போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு போய் லேட்டன்சி டைமரை 16இலிருந்து 1 ஆக்குங்கள். டியூனர்ஸ்டுடியோவில் லைவ் அளவுகள் திக்கித் திணறி வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

5. எல்லாம் ஒழுங்காக ஓடும் அந்த நிலையில் முழு டிஸ்க்கையும் ஒரு இமேஜாக எடுத்து வெளி டிரைவில் வையுங்கள். நாளைக்கு ஏதாவது கெட்டால் மறுபடி எல்லாவற்றையும் தேடி அலைய வேண்டாம்.

சில கருவிகள் எழுதும் முன் லைசென்ஸ் சரிபார்க்க இன்டர்நெட் கேட்கும். வேலை செய்யும் இடத்தில் போன் ஹாட்ஸ்பாட் எடுக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அண்டர்கிரவுண்டு பார்க்கிங்கில் வண்டியை வைத்துக்கொண்டு சிக்னலுக்காகப் போனைத் தூக்கிப் பிடிப்பது நல்ல காட்சி இல்லை.

காரில் முதல் நாள்

முதல் நாள் எதையும் எழுதாதீர்கள். படிக்க மட்டும் செய்யுங்கள். ரீமேப் என்றால் கம்பெனி ஃபைலை இரண்டு முறை தனித்தனியாகப் படித்து, இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஓட்டத்தில் மாறும் ஓரிரு இடங்களைத் தவிர மற்றதெல்லாம் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் கேபிளோ போர்ட்டோ மின்சாரமோ சரியில்லை. எழுதும்போது வந்திருக்க வேண்டிய சிக்கல் படிக்கும்போதே தெரிந்துவிட்டது. பொருந்திய ஃபைலுக்குக் காரின் பெயர், இசியு எண், தேதி போட்டு மூன்று இடங்களில் வையுங்கள்: லேப்டாப், பென் டிரைவ், கிளவுட். சில கருவிகள் முழு ஃபைலையும் படித்துத் தராது. கருவியைச் செய்த நிறுவனத்தின் சர்வரிலிருந்து அசல் ஃபைலைக் கொடுக்கும். அதையும் சேமித்து வையுங்கள்.

லைவ் டியூனிங் என்றால் ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் லேப்டாப் பார்க்க வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்யக் கூடாது, காலி ரோடாக இருந்தாலும். லேப்டாப் பக்கத்து சீட்டில் இருப்பவர் மடியில் இருக்கட்டும். ஏர்பேக் உள்ள டேஷ்போர்டு மேல் வேண்டாம். கேபிளை ஓபிடி போர்ட்டிலிருந்து ஓட்டுபவரின் காலுக்குக் குறுக்கே விடாமல், சென்டர் கன்சோல் பக்கமாக வளைத்து, ஒரு வெல்க்ரோ பட்டை போட்டுக் கட்டுங்கள். கிளட்ச் மிதிக்கும் கால் கேபிளில் மாட்டினால் முதலில் போவது ஓபிடி சாக்கெட்டின் பின்தான்.

வெளி வேலைக்குப் போகும் பையில் இவை இருக்கட்டும்: 65 வாட் கார் சார்ஜர், கூடுதல் பேட்டரி, ஒரே மாதிரியான இரண்டாவது யூஎஸ்பி கேபிள், அசல் ஃபைல்கள் உள்ள பென் டிரைவ், திரையை மறைக்க ஒரு கருப்புத் துணி.